மலையேறும் முன் ஒரு கணக்கு

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடிய சுவர் போல எழுந்து நிற்பதைக் காணலாம். இவ்வூர்கள் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் அமைந்துள்ளன. மலையின் முகடுகளில் உயர்ந்தவையோ 2,000 மீட்டரை எட்டுகின்றன. ஆடி அமாவாசை அன்று வத்திராயிருப்புக்கு மேற்கேயுள்ள தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அய்யனார் கோவில், செண்பகத்தோப்பு ஆகிய மலையடிவார இடங்களுக்கு மாணவர்கள் கூட்டங்கூட்டமாகச் செல்கிறார்கள்.

“அதோ தெரிகிற மலைதானே, காலையில் போய் மாலையில் வந்துவிடலாம்” என்று தோன்றுவது இயல்பே. ஆனால் மலையில் தொலைவு ஒன்று மட்டுமே அளவன்று. உயரம், நீர், வெளிச்சம், மழை, தீ ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்குப் போதும்.

வரைபடத்தில் மலை

இந்திய நில அளவைத் துறை 1:50,000 என்னும் அளவில் நிலத்தோற்ற வரைபடங்களை வெளியிடுகிறது. அவற்றில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளும் அவற்றில் இருக்கும். பொதுவாக அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர்.

கோடுகள் விலகியிருந்தால் அது மெல்லிய சரிவு. நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு. படத்தில் 2 மில்லிமீட்டருக்குள் ஐந்து இடைவெளிகள் அடங்கியிருப்பதாகக் கொள்வோம். தரையில் அது 100 மீட்டர்த் தொலைவு. உயர்வும் 100 மீட்டர். அதாவது 45 பாகைச் சரிவு! அங்கே நேராக ஏற நினைப்பது அறிவீனம். கோடுகள் விலகியுள்ள பக்கமாகச் சுற்றிச் செல்வதே வழி. கோடுகள் வளைந்து, வளைவின் முனை உயரமான பக்கத்தை நோக்கியிருந்தால் அது ஓடைப் பள்ளம். தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருந்தால் அது மலைமுதுகு. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

எத்தனை மணி நேரம்?

ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியைத் தந்தார். மெட்ரிக் அளவில் அதைச் சொன்னால், ஒவ்வொரு 5 கிலோமீட்டர்த் தொலைவுக்கும் 1 மணி. அதனுடன், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் 1 மணி.

நம் மலையில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 200 மீட்டர் உயரத்தில் உள்ள அடிவாரத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஓரிடத்துக்குப் பாதையின் நீளம் 6 கிலோமீட்டர் என்க. நடைக்கு 72 நிமிடம். 800 மீட்டர் ஏற்றத்துக்கு 80 நிமிடம். ஆக 152 நிமிடம். இது பழகிய மலையேறி நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். கற்பாதை, வெயில், கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் ஆகியவற்றையெல்லாம் கருதி ஒன்றரை மடங்கு எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 4 மணி நேரம். மேலே ஒரு மணி ஓய்வு. முழங்காலைச் சோதிக்கும் இறக்கத்துக்கு 3 மணி. மொத்தம் 8 மணி நேரம்!

இங்கே இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நாம் ஏறுவது மலையின் கிழக்குச் சரிவு. சூரியன் மறைவதோ மலைக்குப் பின்னால். இவ்வூர்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 9½ பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், மாலைச் சூரியன் அடிவானத்தை நோக்கி ஏறக்குறைய நேராகவே இறங்குகிறது. மணிக்கு 15 பாகை வீதம். ஒரு பள்ளத்தாக்கில் நிற்கும் நமக்கு மேற்கு முகடு 30 பாகை உயரத்தில் தெரிந்தால், வெயில் அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடும். ஊரில் ஆறரை மணிக்குச் சூரியன் மறைகிற நாளில், அடர்ந்த காட்டுப் பள்ளத்தில் நாலரை மணிக்கே நிழல் சூழ்ந்து, ஒளி மங்கத் தொடங்கும். யானைகள் நடமாடும் காட்டில் அந்நேரத்தில் வழி தேடுவது ஆபத்து.

எனவே பிற்பகல் 3 மணிக்குள் அடிவாரம் சேர வேண்டும் என்று கொண்டால், காலை 7 மணிக்குப் புறப்பட வேண்டும். நண்பகல் 12 மணிக்கு, உச்சியைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் திரும்பிவிட வேண்டும். இதனைத் ‘திரும்பும் நேரம்’ என்போம். திட்டத்தின் உயிரே இதுதான். கீழே இருக்கும்போதே இதை முடிவு செய்து தாளில் எழுதிவிடுங்கள். “இன்னும் கொஞ்சம்தான்” என்னும் ஆசை மேலே போனபின் யாரையும் விடுவதில்லை.

தண்ணீர்க் கணக்கு

50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவர் 800 மீட்டர் ஏறினால் பெறும் நிலையாற்றல் 50 × 9.8 × 800 = 3,92,000 ஜூல். நம் தசைகளின் திறன் 25 விழுக்காடு அளவே. ஆகவே உடல் செலவிடுவது இதைப்போல் நான்கு மடங்கு. எஞ்சிய மூன்று பங்கு, அதாவது 11,76,000 ஜூல், வெப்பமாகிவிடுகிறது. அதை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை ஆவியாதலே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எனவே உயரம் ஏறுவதற்கு மட்டுமே அரை லிட்டர் நீர் செலவாகிறது. நடைக்கும் வெயிலுக்கும் ஆவியாகாமல் சொட்டும் வியர்வைக்கும் இடம் விட்டால், போக வர ஒருவருக்கு 2 லிட்டருக்குக் குறையக்கூடாது. மேலே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்கு சராசரியாக 6½ பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும். அந்தக் குளிர்ச்சியில் தாகம் தெரியாமல் போகலாம். நீர் இழப்பு மட்டும் நிற்பதில்லை.

ஓடை தரும் எச்சரிக்கை

2015ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரிப் பாதையில் ஓடைகளில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்துப் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையில் இது எப்படி நிகழ்கிறது?

ஒரு சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் நீர். செங்குத்தான பாறைச் சரிவு அதில் பெரும்பகுதியை விரைவாக ஒரே ஓடைக்குள் தள்ளிவிடுகிறது. மழை பெய்வது முகட்டில். நாம் நிற்குமிடத்தில் வானம் தெளிவாகவே இருக்கலாம். ஓடும் நீரின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. முழங்கால் அளவு நீரே ஆளைப் புரட்டிவிடும். ஆகவே பாதை எத்தனை இடங்களில் ஓடையைக் கடக்கிறது என்று படத்தில் முன்பே எண்ணிக் கொள்ளுங்கள். மேலே இடி கேட்டாலோ, ஓடை நீர் கலங்கினாலோ கடக்காதீர்கள். உயரமான மேட்டில் காத்திருங்கள், வெள்ளம் வடியும்.

மேல்நோக்கி ஓடும் தீ

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் மாண்டனர். சமவெளியில் தீச்சுடர் மேலே எழும்; சரிவிலோ அச்சுடர் மேலுள்ள காய்ந்த புல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். புல் முன்னதாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் இரு மடங்காகும் என்பது ஆஸ்திரேலிய ஆய்வாளர் மக்ஆர்தர் கண்ட தோராய விதி. அப்படியானால் 30 பாகைச் சரிவில் எட்டு மடங்கு! மனிதனோ ஏற்றத்தில் வேகம் குறைகிறான். கீழிருந்து வரும் தீயை மேல்நோக்கி ஓடி வெல்ல முடியாது என்பது இதனால் விளங்கும். புல் காய்ந்திருக்கும் மாதங்களில் புல்வெளிச் சரிவுகளைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட வேண்டும்.

குரங்கணிக்குப் பின்னர் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆனது. ஆகையால் அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். காட்டை அறிந்த வழிகாட்டியின் சொல், நம் கணக்குக்கும் மேலானது.

மாணவர்களே, உங்கள் ஊர்ப் பகுதியின் வரைபடம் ஒன்றைப் பெறுங்கள். ஒரு பாதையைத் தேர்ந்து அதன் நீளம், ஏற்றம், ஓடைக் கடவுகள், நீர் கிடைக்கும் இடங்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். அதன் படி ஒன்றை வீட்டிலோ ஆசிரியரிடமோ கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். குறித்த நேரத்தில் நீங்கள் திரும்பாவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லும்.