ஓசையில் தோன்றிய உலகம்

ஓர் ஊரின் பிறப்பை ஆவணம் சொல்லும். சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை, ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-ஆம் ஆண்டில், நூற்போரையும் நெய்வோரையும் குடியமர்த்துவதற்காகக் கூவம் ஆற்றின் வளைவில் உருவாக்கப்பெற்றது. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டையாயிற்று என்பர். அப்பேட்டையின் இரட்டைக் கோயில்களில் ஒன்று ஆதிபுரீசுவரருக்கும் மற்றொன்று ஆதிகேசவருக்கும் உரியது. இரு பெயர்களிலும் முன்னிற்பது 'ஆதி' என்னும் சொல்லே. ஊரின் ஆதியை ஏட்டில் காணலாம். உலகின் ஆதியை எங்கே காண்பது? கண்டார் எவருமிலர். ஆதலின் மனிதன் அதனைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்ல முற்பட்டான்.

தமிழில் இம்முயற்சியின் தொன்மையான சான்றுகளுள் ஒன்று பரிபாடலின் இரண்டாம் பாடலாகும். எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான பரிபாடலில் எழுபது பாடல்கள் இருந்தன என்பர். முழுமையாக நமக்குக் கிடைத்தவை இருபத்திரண்டே. அவற்றை 1918-ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து அளித்தார். திருமாலைப் போற்றும் இவ்விரண்டாம் பாடலை இயற்றியவர் கீரந்தையார்; இசை வகுத்தவர் நன்னாகனார்.

கீரந்தையார் காட்டும் படைப்பின் முறை ஈண்டு நோக்கத்தக்கது. முதற்கண் உருவமற்ற வானம். அதன் பண்பு ஓசை. அதிலிருந்து பொருள்களை இயக்கும் காற்று கிளர்கிறது. காற்றைத் தொடர்ந்து செந்தீ சுடர்கிறது. பின்னர்க் குளிர்ந்த மழை பெய்கிறது. அவ்வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்து, இறுதியில் நிலம் எழுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஊழி. அவ்வூழிகளின் நெடுமையை அளக்கப் புலவர் ஆளும் பேரெண்களின் பெயர்களோ நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்பன. அனைத்தும் நீரோடு தொடர்புடைய பெயர்கள்! எண்ணிப் பார்க்கவொண்ணாக் காலத்தை, தம் ஊர்ப் பொய்கையில் நாளும் கண்ட மலர்களின் பெயர்களாலேயே சொல்லிவிட்டது தமிழ்.

இனி, கடல் கடந்த ஒரு படைப்புக் கதையைக் காண்போம். ஆங்கிலப் பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் (1892-1973) தாமே ஒரு கற்பனை உலகைப் படைத்து, அதற்கு மொழிகளையும் வரலாற்றையும் வகுத்தார். அவ்வுலகின் தோற்றத்தைக் கூறும் 'சில்மரில்லியன்' என்னும் நூல், அவர் மறைந்தபின் 1977-ஆம் ஆண்டில் அவர் மகனால் வெளியிடப்பெற்றது. அக்கதையில் ஏகனாகிய எரு முதலில் 'ஐனூர்' என்னும் ஆதி ஆவியரைத் தோற்றுவிக்கிறான். அவர்கள் இசைக்கும் பேரிசையே உலகின் முன்வடிவமாகிறது. அவர்களுள் மான்வே காற்றுக்கும், உல்மோ நீருக்கும், அவுலே மண்ணுக்கும் உரியர். மெல்கோர் என்பானோ தன்முனைப்பால் அவ்விசையில் முரணொலியைப் புகுத்துகிறான். அவ்வுலகில் தீமை வேர்கொள்வது அங்கேதான்.

இரண்டிலும் தொடக்கத்தில் ஒலி இருக்கிறது. காற்றும் நீரும் மண்ணும் இருக்கின்றன. ஆயின் வேற்றுமையே ஆழமானது. கீரந்தையாரின் பூதங்களுக்குப் பண்பு உண்டு. விருப்பு வெறுப்பு இல்லை. அவை தத்தம் முறையில் தோன்றுகின்றன, கலகம் செய்வதில்லை. டோல்கீனின் ஆவியருக்கோ விருப்பம் உண்டு. ஆகவே பிழையும் உண்டு. முன்னது 'உலகம் எம்முறையில் அமைந்தது?' என்னும் வினாவுக்கு விடை. பின்னது 'அவ்வமைப்பில் தீமை எவ்வாறு புகுந்தது?' என்னும் வினாவுக்கு விடை. நெருப்பினால் படைக்கப்பட்டவன் களிமண்ணினால் படைக்கப்பட்ட ஆதமுக்குப் பணிய மறுத்த செய்தியைத் திருமறையில் ஓதியவர்க்கு இரண்டாம் வினா புதிதன்று. ஆதம் நபியின் படைப்பை உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் தலைமுறைப் படலத்தில் பாடியிருப்பதையும் நம் மாணவர் அறிவர்.

இவற்றை ஒப்பிட்டுக் கற்பார்க்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, ஒப்புமை கண்டவுடனே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவுகட்டலாகாது. நம்பிக்கையில் பிறந்த பாட்டு வேறு, ஒருவர் அறிந்தே புனைந்த கதை வேறு, வேதம் வேறு. ஒவ்வொன்றையும் அதனதன் நிலையில் வைத்தே மதித்தல் வேண்டும். மற்றொன்று, இக்கால அறிவியலின் பெருவெடிப்புக் கொள்கையைப் பரிபாடல் அன்றே கூறிவிட்டது என மேடைதோறும் முழங்குவதை நாம் தவிர்த்தல் நலம். அக்கொள்கை, விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதை அளந்தறிந்து அடைந்த முடிவு. கீரந்தையார் பாடியதோ வியப்பில் விளைந்த கவிதை. கவிதைக்கு அறிவியலின் சான்றிதழ் வேண்டுவதில்லை. கடன் வாங்கிய அணியைப் பூட்டினால், அதன் இயற்கை அழகே மறைந்துபோம்.

இன்றைய இளைஞர் பலர் மெல்கோரை அறிவர்; கீரந்தையாரை அறியார். இது அவர்தம் குற்றமன்று. டோல்கீனின் உலகம் திரைப்படமாகவும் விளையாட்டாகவும் அவர்தம் கைக்கே வருகிறது. பரிபாடலோ தேர்வு வினாவாக மட்டுமே வருகிறது. அதனை வகுப்பறையில் வாய்விட்டு ஓதச் செய்வோமாயின் இந்நிலை மாறும். பண்ணோடு பாடவே பிறந்த பாடல் அது. ஓசையில் உலகம் தோன்றிய கதையை ஓசையின்றிப் படிப்பது முறையாகுமோ?