மலாய் மக்களின் பணியாரங்கள்

மலேசிய நாட்டின் மலாய்ச் சிற்றூர்களில், பொழுது சாயுங்கால் அடுக்களைகளினின்று தேங்காய்ப்பால் காயும் மணம் எழும். அம்மக்கள் இனிப்பும் காரமுமாகிய சிற்றுண்டி வகைகள் பலவற்றையும் 'குவே' என்னும் ஒரு சொல்லால் வழங்குவர். நம் பணியாரம் என்னும் சொல் அதற்கு ஒருவாறு ஒக்கும்.

இவற்றிற்கு வேண்டும் பொருள்கள் சிலவே. அரிசிமாவு, பசையரிசி, மரவள்ளிக்கிழங்கு, தேங்காய், தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சிய கருவெல்லம் ஆகியவை போதும். தாழையினத்ததாகிய பாண்டான் இலை பச்சை நிறத்தையும் நறுமணத்தையும் தரும். சங்குப்பூ நீலம் தரும்.

'ஓண்டே ஓண்டே' என்பது பசையரிசிமாவு உருண்டை. உள்ளே வெல்லத்துண்டு வைத்துக் கொதிநீரில் இடுவர். வெந்தது மேலே மிதக்கும். அதனைத் தேங்காய்த்துருவலில் புரட்டி எடுப்பர். இதனை வாய்மூடியே கடித்தல் வேண்டும். இன்றேல் உருகிய பாகு எதிரிருப்பார் ஆடையிற் பாயும்! 'லாப்பிஸ்' என்பதோ ஓர் அடுக்கு ஆவியில் வெந்தபின்னரே மற்றோர் அடுக்கு ஊற்றிச் செய்யப்படுவது. பொறுமையுடன் அடுக்கியதைச் சிறுவர் ஒவ்வோர் அடுக்காக உரித்துத் தின்பர். காரவகையுள் சிறந்தது 'கரிப்பாப்'. கிழங்கு மசாலையைப் பிறைவடிவ மாவுறையுள் பொதிந்து பொரிப்பது. தமிழர் கொண்டுசென்ற இடியப்பமும் அங்கே 'புத்து மாயாம்' எனப் பெயர் பூண்டு, தேங்காயும் சர்க்கரையுமாக அவர்தம் பணியாரங்களுள் ஒன்றாயிற்று.

மணவினை முதலிய நன்னாள்களில் மஞ்சளிட்டு ஆக்கிய பசையரிசிச் சோறு இன்றியமையாதது. இரமலான் திங்களில், நோன்பு துறக்கும் வேளை நெருங்க, அண்டைவீட்டார் தத்தம் பண்டங்களை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்வர். ஒரு வகையே செய்த வீட்டிலும் பல வகைகள் வந்து நிறையும்.

பெருநாட்குரிய 'டோடோல்' கிண்டுவதோ ஒருவரால் ஆகும் வேலையன்று. தேங்காய்ப்பாலும் வெல்லமும் பசையரிசிமாவும் பெருங்கொப்பரையில் பல மணிநேரம் கொதிக்கும். இறுக இறுகத் துடுப்பு அசையாது. கை ஓய்ந்தாலோ அடிப்பிடித்துக் கருகும். ஆதலின் அயலார் கூடி முறைமாற்றிக் கிண்டுவர். இக்காலத்தில் எந்திரம் கிண்டிய டோடோல் கடைகளில் எளிதிற் கிடைத்தலின், இல்லத்தில் கொப்பரை ஏற்றுவோர் குறைந்துவருகின்றனர். இதனால் இழக்கப்படுவது சுவை மட்டுமன்று. பதம் அறிந்த மூதாட்டியர் படியும் நாழியும் கொண்டு அளப்பதில்லை. கையளவும் கண்ணளவுமே அவர்தம் கணக்கு. அருகில் நின்று கிண்டிய மகளிரே அதனைக் கற்றனர்.

கொப்பரை ஏறும் ஊர்களில், டோடோல் ஆறியபின் துடுப்புப் பிடித்தோர் இல்லந்தோறும் பங்கு செல்லும்.