பென் டிரைவுக்குள்ளே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்!

(இறுதியாண்டு, கம்ப்யூட்டர் துறை)



நம் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பல வீடுகளில் பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப் தூங்கிக் கொண்டிருக்கும். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியதாக இருக்கும். "விண்டோஸ் ஏறமாட்டேங்குது, தூக்கிப் போடு" என்பார்கள். போடாதீர்கள்! விண்டோஸ் கெட்டுவிட்டால் மெஷினே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு 8 ஜி.பி. பென் டிரைவ் இருந்தால் அதை எழுப்பிவிடலாம்.

எதை வைத்து எழுப்புவது? அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்தே வந்த பாஸ் லினக்ஸ் நினைவிருக்கிறதா? டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. காசு கிடையாது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அதில் உண்டு. எல்லைப்புற ஹாஸ்டலுக்கு ஏற்றதுதானே!

காப்பி செய்தால் போதாதா?

ஜூனியர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. போதாது. சிப்காட் கம்பெனிக்கு முதல் நாள் டிரெயினிங் போகிறோம். எந்த ஷெட்டுக்குப் போகணும்னு கேட்டில் சொல்ல ஆள் இல்லையென்றால் வெளியேதான் நிற்க வேண்டும். பழைய பயாஸும் அப்படித்தான். அது பென் டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதற்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் 446 பைட் பூட் புரோகிராம், 64 பைட் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாள முத்திரை. டேபிளில் நான்கு பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு. எது "ஆக்டிவ்" என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ, அங்கேதான் பூட் புரோகிராம் போகும். நாம் ஃபைலை மட்டும் காப்பி செய்தால் இந்தக் குறிப்பு எதுவுமே எழுதப்படாது.

புதிய மெஷின்களில் இருக்கும் யு.இ.எஃப்.ஐ. வேறு ரகம். அது ஃபேட்32 பார்ட்டிஷனில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் பூட்லோடர் ஃபைலைத் தேடும்.

செய்முறை

1) பென் டிரைவில் உள்ளதையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். எல்லாம் அழிந்துவிடும்.

2) நன்றாக ஓடும் கம்ப்யூட்டரில் பாஸ் லினக்ஸ் ஐ.எஸ்.ஓ. ஃபைலை இறக்குங்கள்.

3) ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐ.எஸ்.ஓ.வையும் காட்டுங்கள். டிரைவின் பெயரையும் அளவையும் இரண்டு முறை பாருங்கள்! பழைய மெஷினுக்கு எம்.பி.ஆர்., ஃபேட்32 போதும். ஸ்டார்ட் கொடுங்கள்.

4) பழைய லேப்டாப்பில் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டுங்கள். பல லெனோவோவில் எஃப்12, பல எச்.பி.யில் எஃப்9.

5) மெனுவில் "லைவ்" என்பதையே தேர்ந்தெடுங்கள். அவசரப்பட்டு "இன்ஸ்டால்" கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளது போய்விடும்.

இதனால் என்ன லாபம்?

போன செமஸ்டரில் என் ரூம்மேட்டின் லேப்டாப் ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்பு நின்றுவிட்டது. புராஜெக்ட் ரிப்போர்ட், டிராயிங் எல்லாமே அதற்குள். கடையில் "ஃபார்மட்தான் பண்ணணும் தம்பி, உள்ளே இருக்கிறது வராது" என்று சொல்லிவிட்டார்கள். பையன் அன்று சாப்பிடவே இல்லை. ராத்திரி பென் டிரைவில் பூட் செய்தோம். ஹார்ட் டிஸ்க் ஐகானைத் திறந்தால், ஃபைல் அத்தனையும் அப்படியே! இன்னொரு பென் டிரைவில் காப்பி செய்துகொண்டோம். ஃபார்மட் அதற்குப் பிறகுதான்.

ஹார்ட் டிஸ்க்கே பழுதானால் இந்த வைத்தியம் பலிக்காது. லைவில் சேமிப்பதும் ஷட் டவுன் செய்தால் நிற்காது. ஆனால் கெட்டது மெஷினா, விண்டோஸா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் ஃபார்மட்டுக்குச் சரி சொல்லாதீர்கள், நண்பர்களே!