ஏடுகளைக் கோக்கும் நூல்

1542-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, இரு மொழியும் அறிந்தோரைத் தேடிக் கூட்டி, பல நாள் அவர்களோடு அமர்ந்து, செபங்களைத் தமிழாக்கினார். பின்பு ஊர் ஊராகச் சென்றார். ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது செபங்களை எழுத்தில் கொடுத்து, எழுதத் தெரிந்தோர் அதனைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும், அனைவரும் மனப்பாடம் செய்து நாள்தோறும் சொல்ல வேண்டும் என்று பணித்தார்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் பிழைகளும் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்னும் பொருளுள்ள சொல் அமைந்திருந்தது. ஆண்டவர் தம் விருப்பத்தோடு ஏற்ற பாடுகளைக் குறிக்குமிடத்தில், வலுக்கட்டாயத்தால் பட்டதாகப் பொருள்படும் சொல் வந்திருந்தது. பிழை தெரிந்ததும் சவேரியார் அதனை மறைக்கவில்லை. 1544-இல் தம் உடன் ஊழியரான மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி, அவற்றைத் திருத்திச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த சேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணம் வகுத்து, செபங்களைச் செப்பனிட்டார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்த கொடையே.

இச்செய்தியில் மூன்று பண்புகள் விளங்குகின்றன. எவரும் படியெடுக்கலாம், குறை கண்டவர் திருத்தலாம், திருத்தியது மீண்டும் எல்லாருக்கும் சேரவேண்டும். இன்று கணிப்பொறி உலகில் ‘திறந்த மூலம்’ என்று போற்றப்படும் முறைக்கும் இவையே அடிப்படை. 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய லினக்ஸ் நிரலை உலகின் முன் வைத்தார். அறிமுகமில்லாத ஆயிரக்கணக்கானோர் அதனைச் செம்மைப்படுத்தினர். கூலி பெறாமலே பலர் இதில் உழைப்பதேன்? தான் செய்த சிறு திருத்தம் எங்கோ ஒருவருக்கு உதவுகிறது என்னும் நிறைவும், தன் குறையைப் பிறர் அன்போடு எடுத்துக்காட்டும் தோழமையும் அவர்களை ஈர்க்கின்றன.

பகிர்வதற்கு முன் நாம் அறிந்தவற்றை ஒழுங்குபடுத்தியாக வேண்டும். குவித்து வைத்த குறிப்பு கிடைக்காத குறிப்பே. வீரமாமுனிவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். செய்யுளில் கிடந்த நிகண்டுச் சொற்களை அகரவரிசைப்படுத்தி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வழிகளில் தேடுமாறு 1732-இல் ‘சதுரகராதி’யைத் தொகுத்தார். நம் காலத்தில் இத்தாலிய சேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா, புனித தோமா அக்குவினாரின் நூல்களிலுள்ள சொற்களையெல்லாம் வரிசைப்படுத்த விரும்பி, 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். முப்பது ஆண்டு உழைப்பில் அவ்வட்டவணை 56 தொகுதிகளாக விரிந்தது. நம் திருவிவிலியத்தின் ஓரத்திலோ அடியிலோ அச்சிடப்படும் ஒத்த வசன எண்களும் இவ்வகையினவே. ஒரு வசனம் இன்னொன்றுக்கு வழிகாட்டுகிறது.

1995-இல் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் இவ்வழிகாட்டலை மிக எளிதாக்கினார். எவரும் திருத்தக்கூடிய, ஒன்றோடொன்று இணைந்த பக்கங்களை அமைத்து, அதற்கு ‘விக்கி’ என்று பெயரிட்டார். ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்பது அதன் பொருள். இம்முறையைத் தனி மனிதர் தம் குறிப்பேட்டுக்கும் பயன்படுத்தலாம். 2004-இல் வெளிவந்த ‘டிட்லிவிக்கி’ போன்ற இலவச மென்பொருள்கள், இணையத் தொடர்பு இல்லாத வேளையிலும் இதற்கு உதவுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். திருச்செந்தூருக்கு அருகே கடற்கரையில் வாழும் ஒரு குடும்பம், பாட்டனார் சொல்வதைக் குறித்துவைக்கிறது என்று கொள்வோம். ‘கச்சான் காற்று’ என்று ஒரு பக்கம். அதில் அக்காலத்தில் கிடைக்கும் மீனின் பெயரை எழுதி இணைப்புக் கொடுத்தால், மீனுக்கு ஒரு பக்கம் பிறக்கிறது. அம்மீன் கூடும் பாரின் பெயரை எழுதினால் அதற்கும் ஒரு பக்கம். பின்னொரு நாள் அந்தப் பாரின் பக்கத்தைத் திறப்பவர், அதனைச் சுட்டும் காற்றையும் மீனையும் ஒருங்கே காண்பார். இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கு இணைப்பு மட்டும் இருந்தால், ‘இதனை இன்னும் கேட்டறியவில்லை’ என்று அதுவே நினைவூட்டும். பாட்டனார் உயிரோடிருக்கும்போதே கேட்க வேண்டிய வினா அது!

நம் பங்குகளில் அழியும் செல்வம் கொஞ்சமன்று. முதிய உபதேசியார்களின் கையேடுகள், தவக்காலத்தில் பாடிய பழைய ஒப்பாரிகள், கொண்டல், வாடை, சோழகம் என்னும் காற்றுகளின் குணங்கள், கட்டுமரம் பற்றிய சொற்கள் ஆகியவை, அறிந்தவர் மறையும்போது அவரோடு கல்லறைக்குப் போகின்றன. எழுதிப் பெட்டியில் பூட்டினாலும் கரையானுக்கே இரையாகும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் போன்றோர் ஊதியம் கருதாது ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினர். உலகெங்குமுள்ள தமிழர் அவற்றை வளர்த்து வருகின்றனர். நம் ஊர்களின் வரலாற்றை நாமன்றி வேறு யார் எழுதுவார்?

எனினும் விவேகம் தேவை. குடும்பத்தின் அந்தரங்கமும், ஞானஸ்நானப் பதிவேட்டிலுள்ள பிறர் விவரங்களும் பொதுவில் வைக்கத்தக்கன அல்ல. செவிவழிச் செய்தியைச் சான்றுள்ள செய்தி போல் எழுதுதல் ஆகாது. ‘இது முன்னோர் சொல்’ என்று குறிக்க வேண்டும். பிறர் எழுதியதைத் திருத்தும்போது ஏளனம் கூடாது. தம் எழுத்தைப் பிறர் திருத்தினால் சினமும் கூடாது.

ஆதித் திருச்சபையில் விசுவாசிகள் தம் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. பொன்னும் நிலமும் பகிரப் பகிரக் குறையும். அறிவோ பகிரப் பகிர வளரும். ஆகவே பெற்றோரே, இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை ஒரு முதியவர் அருகே அமர்த்துங்கள். அவர் சொல்வதில் ஒரு செய்தியையேனும் எழுதி, அதனை இன்னொன்றோடு இணைக்கச் சொல்லுங்கள். தனித்தனியே கிடக்கும் ஓலைகள் காற்றில் பறந்துவிடும். நூலில் கோத்தவையே சுவடியாகி அடுத்த தலைமுறையின் கையைச் சேரும்.