இரத்த வாந்தியா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்

இரவில் ஒருவர் இரத்த வாந்தி எடுத்தால், "காஸ்ட்ரைட்டிஸாக இருக்கும், காலையில் டிஸ்பென்சரியில் காட்டலாம்" என்று தோட்ட லயத்திலேயே படுக்க வைப்பதுண்டு. அவர் ஈரல் நோயாளியாக இருந்தால் அந்த இரவைத் தாண்டாமலே போகலாம்.

பல வருடம் கசிப்போ சாராயமோ குடித்தவர்களுக்கும், ஹெபடைடிஸ் பி, சி தொற்று உள்ளவர்களுக்கும், ஈரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கும் ஈரல் தழும்பேறி இறுகிவிடலாம். குடலிலிருந்து வரும் இரத்தம் அதைத் தாண்டிப் போக முடியாமல் உணவுக்குழாய், இரைப்பை நாளங்களுக்குள் திரும்பி அவற்றைப் புடைக்க வைக்கிறது. புடைத்த நாளம் வெடித்தால், வயிற்றுவலி இல்லாமலே இரத்த வாந்தி வரும். மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுக்கும். தலைசுற்றும், உடம்பு குளிர்ந்து வியர்க்கும்.

உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்; கட்டணம் கிடையாது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பொகவந்தலாவை, டிக்கோயா ஆஸ்பத்திரிகளில் முதலுதவி தந்து, தேவையானால் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள்.

ஆபரேஷன் என்று பயந்து தயங்க வேண்டாம். வாய்வழியே கெமரா குழாயை விட்டு, உணவுக்குழாய் நாளத்தை ரப்பர் வளையத்தால் இறுக்குவார்கள். இரைப்பை நாளமானால் பசை மருந்து ஏற்றி அடைப்பார்கள். அதற்கும் நிற்காவிட்டால் கழுத்து அல்லது தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் வழியை மறித்துப் புடைத்த நாளத்தை மூடலாம். இந்த முறை ஜப்பானில் உருவானது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இது கிடைக்காது, எல்லோருக்கும் பொருந்தவும் செய்யாது. ஆபத்துகளும் உண்டு. பசை நுரையீரலுக்குப் போய்விடலாம். பலூன் முறைக்குப் பின் வயிற்றில் நீர் சேரலாம், உணவுக்குழாய் நாளங்கள் மேலும் புடைக்கலாம்.

அதனால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: என்ன செய்யப் போகிறீர்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா? தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். வீடு திரும்பும்போது டயக்னோசிஸ் கார்டைக் கேட்டு வாங்குங்கள்.

இரத்தம் நின்றாலும் ஈரல் நோய் போய்விடாது. குடியை அடியோடு விடுங்கள். கொழுந்துக்கூடை சுமந்த முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். அவை இரத்தக்கசிவைத் தூண்டும். புரொப்ரனலோல் மாத்திரை தந்திருந்தால், உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றைய பெயர் (நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை, கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.