விளையாட்டுப் பெட்டியில் கடல் வழி

திருகோணமலையில் எந்த வீட்டிலிருந்தும் கடல் தூரமில்லை. லிங்கநகரும் அப்படித்தான். கடலுக்குப் போனவர் விடிந்தும் திரும்பாவிட்டால், கரையில் நிற்கும் பெண்ணின் முதற் கேள்வி, "இப்ப எந்த இடத்தில நிக்கிறார்?" என்பதே. அதற்கு விடை சொல்லும் கருவிதான் ஜி.பி.எஸ். வாங்கி. இன்று அது கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அது எப்படிப் பேசுகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைகள் விளையாடி ஒதுக்கிய சிறு பெட்டி ஒன்று அதைக் கற்றுத்தருகிறது.

ஜி.பி.எஸ். செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் வாங்கி தன் இடத்தைக் கணித்துவிடும். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைச் சேர்த்திருந்தது. அது நிறுத்தப்பட்ட பின்னரே சாதாரண மக்களுக்கும் இக்கருவி நன்கு பயன்பட்டது.

2004 டிசெம்பரில் யப்பானில் சோனி நிறுவனத்தின் பி.எஸ்.பி. என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டி வெளிவந்தது. 2006 டிசெம்பரில் அதற்கென ஒரு ஜி.பி.எஸ். துணைக்கருவியையும் அந்நிறுவனம் விற்றது. ஆனால் ஆர்வலர் சிலர் தம்மிடமிருந்த வேறு வாங்கிகளையே, காதுக்கருவித் துளையருகே ரிமோட்டுக்காக இருந்த இணைப்பில், கையாலே வயர் பற்றவைத்து இணைத்தார்கள்.

மூன்று வயர் போதும்

ஒன்று வாங்கிக்கு மின்சாரம் கொடுப்பது. இரண்டாவது இரு கருவிகளுக்கும் பொதுவான மறை முனை. மூன்றாவது வாங்கி பேசும் வயர். பேசும் முனையை மற்றதன் கேட்கும் முனையோடு சேர்க்க வேண்டும். பேசும் முனைகள் இரண்டையும் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. வயரின் நிறத்தை நம்பவும் கூடாது, ஏனெனில் கொம்பனிக்குக் கொம்பனி அது மாறும். மல்ரிமீற்றர் வைத்து அளந்தே தொடுக்க வேண்டும். பழைய கடல் வாங்கிகள் சில கூடிய வோல்ற்றளவில் பேசும். விளையாட்டுப் பெட்டியோ 3 வோல்ற்று அளவிலோ அதற்குக் கீழேயோ இயங்குவது. நேரே இணைத்தால் பெட்டி கருகிவிடும். இடையில் அளவைக் குறைக்கும் சிறு சில்லு ஒன்று தேவை.

வயரில் வருவது வெறும் எழுத்து வரிகள்தான். பல கருவிகள் நொடிக்கு ஒருமுறை அனுப்பும். ஒவ்வொரு வரியும் டொலர் குறியில் தொடங்கும். அதை வாசித்துத் திரையில் காட்டும் நிரலை ஆர்வலர்களே எழுதினார்கள்.

இலக்கம் பிழைத்தால்

எல்லாத் தாய்மாரும் அறிய வேண்டிய இடம் இதுதான். திருகோணமலை நகரில் வாங்கி 0834.20 என்று வடக்கு அகலக்கோட்டையும், 08114.00 என்று கிழக்கு நெடுங்கோட்டையும் தரும். இதன் பொருள் 8 பாகை 34.20 கலை, 81 பாகை 14 கலை. இதனை 8.3420, 81.14 பாகை என்று வாசித்தால், ஆள் தெற்கே சுமார் 25 கிலோமீற்றரும் மேற்கே சுமார் 10 கிலோமீற்றரும் தள்ளி, தரையில் நிற்பதாகக் காட்டும்! ஒரு பாகைக்கு 60 கலை என்பதை மறந்ததால் வந்த வினை இது. தேடிப்போகும் படகு அப்படிப் பிழைத்த இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? ஆகவே தொலைபேசியில் யாராவது இடத்தைச் சொன்னால், "பாகை எத்தனை, கலை எத்தனை, இல்லை முழுவதும் பாகையா?" என்று கேட்டு, திருப்பிச் சொல்லி எழுதுங்கள்.

இன்னொன்று, அந்த வரியிலே ஓர் இலக்கம் 0 என்றிருந்தால் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். அதைக் கவனியாத நிரல் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். உப்புக் காற்றில் பற்றவைத்த மூட்டுகள் அரித்துக் கழரும். ஆகவே வீட்டில் செய்த கருவியை நம்பிக் கடலுக்குப் போகவே கூடாது. அது கற்பதற்கு மட்டுமே.

மகளுக்கும் கொடுங்கள்

"இதெல்லாம் பொடியன்மாரின்ர வேலை" என்று மகளைத் தள்ளி வைக்காதீர்கள். பூத்தையல் போடும் கைக்குப் பொறுமையும் நுணுக்கமும் உண்டு. பற்றவைக்கவும் அவையே வேண்டும். யன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, பழுதான பொருளில் முதலில் பழகட்டும். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னரே சாப்பிட வேண்டும். மின்கலத்தை மட்டும் ஒருபோதும் பிரிக்கக் கூடாது.

இன்றிரவே கொப்பியில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: படகு கிளம்பும் துறையின் அகலக்கோடும் நெடுங்கோடும். அதை எப்படி வாசிப்பது என்று மகள் உங்களுக்குச் சொல்லித்தரட்டும்.