பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகள்: உப்பும் சிமெண்டும் செய்யும் சேதம்

சென்னைக்கு வடக்கே, ஏரி கடலோடு சேரும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே டச்சு வாசகங்களும் குலச்சின்னங்களும் செதுக்கிய பலகைக் கற்கள். இடையிடையே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய கும்மட்டங்கள். சோழமண்டலக் கரையின் துணிக்காக 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் புதைந்திருக்கும் இடம் இது.

கம்பெனி 1799-இல் கலைந்தது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இன்று இந்தத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, காக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி வாங்க வேண்டும். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து ஏறும் உப்பை எந்தச் சட்டம் தடுக்கும்?

உப்பங்கழி ஓரத்து நிலம் அது. ஈரத்தோடு உப்பும் செங்கல்லில் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியானதும் உப்பு உள்ளேயே படிகமாகிப் பருத்து, காரையைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. இதைப் பார்த்துப் பதறிச் சிமெண்ட் பூசுவதுதான் பெருந்தீங்கு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடும், உப்பு பின்னாலுள்ள பழைய செங்கல்லைத் தின்னத் தொடங்கும். பழுது பார்க்கச் சுண்ணாம்புக் காரையே வேண்டும். அது வருத்தத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டிய சமரசமல்ல, சரியான மருந்தே அதுதான். விரிசலில் வேர் விட்ட ஆலங்கன்றையும் சட்டென்று பிடுங்கக் கூடாது. கிளையை வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்த பிறகே எடுக்க வேண்டும். இல்லையென்றால் செங்கல்லும் கூடவே வரும்.

பலகைக் கற்கள் உறுதியானவை. அவற்றுக்குக் கேடு பெரும்பாலும் அக்கறையுள்ள கைகளால்தான் வருகிறது. கம்பித் தூரிகை, அமிலம், எழுத்து தெரிய வேண்டுமென்று தடவும் பெயிண்ட் எல்லாமே வேண்டாதவை. நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். வாசகத்தைப் படிக்கக் கல்லைத் தொடவே தேவையில்லை: விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால், மங்கிய எழுத்தும் தன் நிழலால் துலங்கும்.

அந்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு ஆதாரமும் உண்டு. சென்னை மாகாணத்திலிருந்த டச்சுச் சின்னங்களைப் பற்றி அலெக்சாண்டர் ரே 1897-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். அந்த இரண்டு நூல்களையும் கையில் வைத்துக்கொண்டு கல் கல்லாகச் சரிபார்த்து, எது தேய்ந்தது, எது உடைந்தது என்று குறித்த பிறகுதான் கொத்தனாரை உள்ளே அழைக்க வேண்டும்.